தெர்மாமீட்டர் யார் பக்கம் நிற்கிறது? வேதிவினையின் வெப்பக் கணக்கைப் பிடித்துக்கொள்ளும் வழி

என் பாட்டி குழைத்த சுண்ணாம்பைக் கடையில் வாங்கவே மாட்டார். சுட்ட கிளிஞ்சலைத் துண்டுதுண்டாக வாங்கி வந்து, ஜெலுத்தோங் வீட்டின் பின்கட்டில் ஒரு மண்சட்டியில் போட்டு, ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, எங்களையெல்லாம் "தள்ளி நில்லுங்க, கண்ணுல தெறிக்கும்" என்று விரட்டிவிடுவார். முதலில் ஒன்றுமே நடக்காது. கொஞ்ச நேரத்தில் துண்டுகள் ஊறி, வெடித்து, பூப்போல விரியும், அப்புறம் சட்டிக்குள்ளிருந்து குபுகுபுவென்று கொதி கிளம்பும், ஆவி கூரைத் தகரம் வரை எழும்பும். கீழே அடுப்பு இல்லை, ஒரு தீக்குச்சி கூட இல்லை. பாக்கின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்ட தீவு இது, மலாயில் பினாங் என்றால் பாக்குதான், அதனால் வெற்றிலைச் சுண்ணாம்பு கொதிப்பதை இங்கே பல வீட்டுப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்திருப்பார்கள். ஆனால் அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் படிவம் ஐந்து முடித்தவர்கள்கூட விழிக்கிறார்கள்.

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் எல்லாவற்றையும் மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறது, படிவம் ஐந்தில் 'தெர்மோகிமியா' பாடம் வரும்போது எக்ஸோதெர்மிக், எண்டோதெர்மிக் என்று இரண்டு பெயரை மனப்பாடம் செய்துகொண்டு, எதில் பிளஸ் எதில் மைனஸ் என்பதில் மாட்டிக்கொள்கிறது. என்னிடம் மாலையில் படிக்க வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கணக்கு நன்றாகவே வரும், குறி மட்டும்தான் புரண்டு போகும். குறி ஏன் புரள்கிறது என்று பார்த்தால் காரணம் ஒன்றே ஒன்றுதான்: தெர்மாமீட்டர் யார் பக்கம் நிற்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

முதலில் இதைச் சரிசெய்யுங்கள்

ஒரு கோப்பையில் கரைசல் இருக்கிறது, அதில் ஒரு பொடியைப் போடுகிறீர்கள், தெர்மாமீட்டரை உள்ளே விடுகிறீர்கள். தெர்மாமீட்டர் எதன் சூட்டைக் காட்டுகிறது? வினையின் சூட்டை என்று எல்லாரும் சொல்வார்கள். இல்லை. அது தொட்டுக்கொண்டிருப்பது தண்ணீரை. வினை என்பது அந்தத் தண்ணீருக்குள் நடக்கும் ஒரு மாற்றம், தண்ணீர் அதன் பக்கத்து வீட்டுக்காரர். பக்கத்து வீட்டுக்காரர் பையில் எவ்வளவு ஏறியது, எவ்வளவு குறைந்தது என்பதைத்தான் தெர்மாமீட்டர் பார்த்துச் சொல்கிறது.

நான் உங்களுக்குப் பத்து ரிங்கிட் கொடுத்தால் உங்கள் பையில் பத்து கூடும், என் கணக்கில் பத்து குறையும். தெர்மாமீட்டர் உங்கள் பையில் இருக்கிறது. வினையின் வெப்ப மாற்றத்தை டெல்டா எச் என்று எழுதுகிறோமே, அது என் கணக்குப் புத்தகத்தில் எழுதப்படுகிறது. தண்ணீரின் சூடு ஏறினால் வினை கொடுத்துவிட்டது என்று பொருள், ஆகவே வினையின் கணக்கில் மைனஸ். இதுதான் வெப்ப உமிழ்வினை, எக்ஸோதெர்மிக். தண்ணீரின் சூடு இறங்கினால் வினை வாங்கிக்கொண்டது, ஆகவே வினையின் கணக்கில் பிளஸ். இது வெப்பக் கொள்வினை, எண்டோதெர்மிக். "வெப்பம் கொள்கிறது என்றால் சூடாகத்தானே ஆக வேண்டும், ஏன் டீச்சர் குளிருது?" என்று ஒரு பிள்ளையாவது ஒவ்வோர் ஆண்டும் கேட்கும். நல்ல கேள்வி அது. கொள்வது வினை, கொடுத்துவிட்டுக் குளிர்ந்து நிற்பது தண்ணீர். வினை வாங்கிய வெப்பம் சூடாகத் தெரியாது, அது புதிதாக உண்டான பொருளுக்குள் சேமிப்பாகப் போய் உட்கார்ந்துவிடுகிறது.

இந்த ஒரு விஷயம் மனத்தில் உட்கார்ந்தால் மீதிப் பாடம் எல்லாம் அதன் பின்னாலேயே வரும். உட்காராமல் சூத்திரத்துக்குப் போகாதீர்கள்.

கையால் தொட்டுப் பாருங்கள்

படிப்பதற்கு முன்னால் உடம்புக்குத் தெரிய வேண்டும். செடிக்கடையில் யூரியா உரம் வாங்கிக்கொள்ளுங்கள், கறிவேப்பிலைச் செடிக்கு எப்படியும் உதவும். ஓர் எவர்சில்வர் டம்ளரில் 100 மில்லி குழாய்த் தண்ணீர் எடுத்து, நம் ஊரில் அது 28, 29 டிகிரியில் இருக்கும், அதில் 20 கிராம் யூரியாவைக் கொட்டிக் கலக்குங்கள். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே கலக்க வேண்டும், அதுதான் முக்கியம். சில விநாடிகளில் உள்ளங்கையில் சில்லென்று ஏறும். தெர்மாமீட்டர் இருந்தால் எட்டு, பத்து டிகிரி வரை இறங்குவதைப் பார்க்கலாம். கொஞ்சம் பொறுத்தால் இன்னொன்றும் நடக்கும்: டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கும். பினாங்குக் காற்றில் அவ்வளவு ஈரம், 20 டிகிரிக்குப் போன எந்தப் பாத்திரத்தின் மேலும் அந்த ஈரம் நீராகப் படிந்துவிடும். அப்படிப் படியும்போது அந்த நீராவி டம்ளருக்குக் கொஞ்சம் வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது என்பதையும் கவனித்து வையுங்கள், பின்னால் சோதனையில் பிழை எங்கிருந்து வருகிறது என்று பேசும்போது உதவும். குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் நிறையத் தண்ணீர் சேர்த்துச் செடிக்கு ஊற்றிவிடலாம்.

ஒரு மோல் யூரியா, மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் ஒரு நிலையான அளவு, யூரியாவுக்கு அது 60 கிராம், தண்ணீரில் கரையும்போது ஏறத்தாழ 15 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. 20 கிராம் என்றால் மூன்றில் ஒரு பங்கு, 5 கிலோஜூல். பந்து விளையாடும்போது கால் சுளுக்கினால் உடைத்து ஒத்தடம் வைக்கிறார்களே அந்தக் குளிர்ப் பை, அதற்குள்ளும் யூரியாவோ அம்மோனியம் நைட்ரேட்டோதான் இருக்கும், உள்ளே தனிப் பையில் தண்ணீர் இருக்கும், அழுத்தி உடைத்தால் இரண்டும் சேரும்.

எதிர்ப்பக்கத்துக்கு அலமாரியைத் திறந்து பாருங்கள். துணியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க வெள்ளை மணிகள் போட்ட ஒரு டப்பா வைத்திருப்பீர்கள், பெரும்பாலும் அது கால்சியம் குளோரைடு. புது டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துத் தண்ணீரில் போட்டால் டம்ளர் சுடும். கையில் நேராகப் படக்கூடாது, ஈரக் கையில் பட்டால் எரியும், அதனால் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது கரண்டியால் மட்டும் எடுங்கள். கரைவது வேதிவினைதானா என்று சண்டை போட இடமுண்டு, ஆனால் வெப்பக் கணக்கு வைக்கும் முறை அதற்கும் இதற்கும் ஒன்றே.

முழு வேதிவினையாகவே வேண்டும் என்றால் எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைப் போடுங்கள், நுரைத்துக்கொண்டே குளிரும். நுரைக்கிறது, பொங்குகிறது, ஆகவே சூடாகும் என்று நினைப்போம், தொட்டுப் பார்த்தால் நேர்மாறாக இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஆர்ப்பாட்டத்தை வைத்து வெப்பத்தை முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஆர்ப்பாட்டமே இல்லாமல் சூடாவதும் உண்டு: பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை வினிகரில் ஒரு நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, தெர்மாமீட்டரின் முனையில் சுற்றி, மூடியுள்ள ஜாடியில் ஐந்து நிமிடம் வைத்தால் சில டிகிரி ஏறும். துருப்பிடிப்பதும் வெப்ப உமிழ்வினைதான். வீட்டு வாசல் கேட் துருப்பிடிக்கும்போதும் அதே வெப்பம் வெளியே வருகிறது, மாதக்கணக்கில் மெதுவாக வருவதால் நமக்குத் தெரிவதில்லை.

ஒரே ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

பாடப் புத்தகத்தில் இருபது கணக்கு இருக்கும், எல்லாவற்றையும் ஓட்டமாக ஓட்டுவதைவிட ஒன்றைப் பிடித்துக் குடைவது மேல். துத்தநாகத் தூளும் காப்பர் சல்பேட்டும் எடுத்துக்கொள்வோம்.

கோப்பையில் 25 கன சென்டிமீட்டர் காப்பர் சல்பேட் கரைசல், செறிவு லிட்டருக்கு 0.2 மோல். நீல நிறம். தெர்மாமீட்டரைப் போட்டதும் படிக்காதீர்கள், கொஞ்சம் காத்திருந்து, முள் அசையாமல் நின்ற பிறகு படியுங்கள்: 29.0 டிகிரி. இப்போது துத்தநாகத் தூளை ஒரே தடவையில் கொட்டிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நீலம் வெளுக்கும், அடியில் செம்பழுப்பாகச் செம்பு படியும். ஏறிக்கொண்டே போகும் வெப்பநிலை ஓர் இடத்தில் நின்று இறங்கத் தொடங்கும், அந்த உச்சம்தான் உங்களுக்கு வேண்டியது. 38.5 என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 9.5 டிகிரி.

வெப்பத்தைக் கணக்கிடும் சூத்திரம் எம் சி தீட்டா, அதாவது எடை × தன்வெப்பம் × வெப்பநிலை மாற்றம். எம் என்பது 25 கிராம். ஏன் துத்தநாகத்தின் எடையைச் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள், நாம் கணக்கு வைப்பது பக்கத்து வீட்டுக்காரருக்கு, அதாவது தண்ணீருக்கு, கரைசலின் ஒரு கன சென்டிமீட்டர் ஒரு கிராம் என்று எடுத்துக்கொள்கிறோம். சி என்பது 4.2, ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 ஜூல் வேண்டும். ஆக 25 × 4.2 × 9.5 = 997.5 ஜூல். இது தண்ணீர் வாங்கிய வெப்பம்.

இப்போது வினை எத்தனை மோல் நடந்தது? 0.2 × 25 ÷ 1000 = 0.005 மோல். துத்தநாகம் வேண்டுமென்றே கூடுதலாகப் போட்டோம், ஆகவே தீர்ந்துபோனது காப்பர் சல்பேட், மோல் கணக்கு எப்போதும் தீர்ந்துபோனதை வைத்துத்தான். 997.5 ÷ 0.005 = 199,500 ஜூல், அதாவது 199.5 கிலோஜூல். தண்ணீர் ஏறியது, வினை கொடுத்தது, ஆகவே மைனஸ் 199.5 கிலோஜூல், ஒரு மோலுக்கு. குறியை இந்தக் கடைசி வரியில் மட்டும் போடுங்கள். நடுவில் போட்டால் கட்டாயம் எங்காவது தவறும்.

சரி, புத்தகத்தில் இதற்கு ஏறத்தாழ மைனஸ் 217 என்று இருக்கும். நமக்கு 17 கிலோஜூல் போல எங்கே காணாமல் போயின? இந்தக் கேள்வியில்தான் உண்மையான படிப்பு இருக்கிறது. கோப்பை கொஞ்சம் குடித்தது, தெர்மாமீட்டர் கொஞ்சம் குடித்தது, பெரும்பங்கைக் காற்று கொண்டுபோனது. நம் ஊர் வகுப்பறையில் தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், கோப்பைக்கு மூடி இருக்காது, மேசை சன்னலோரம் இருக்கும். அதே சோதனையைக் காகிதக் கோப்பை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வைத்து, அட்டையில் மூடி வெட்டி, விசிறியைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுச் செய்து பாருங்கள். எல்லாருக்கும் வியர்த்துக் கொட்டும், ஆனால் எண் புத்தகத்துக்குப் பக்கத்தில் வரும். துத்தநாகம் துண்டாக இல்லாமல் தூளாக ஏன் என்பதும் இங்கேதான் புரியும்: துண்டு மெதுவாக வினைபுரியும், மெதுவாக என்றால் வெப்பம் தப்பிக்க நேரம் கூடும், உச்சம் குட்டையாகிவிடும்.

சாராயம் எரிக்கும் சோதனையில் இந்த இழப்பு இன்னும் பெரிது. ஒரு மோல் எத்தனால் எரிந்தால் 1367 கிலோஜூல் வர வேண்டும். செப்புக் குவளையில் 200 கிராம் தண்ணீர், கீழே விளக்கு, 30 டிகிரி ஏற்றினோம், விளக்கின் எடை 1.38 கிராம் குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 × 4.2 × 30 = 25,200 ஜூல். 1.38 ÷ 46 = 0.03 மோல். விடை மைனஸ் 840. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்றில் போய்விட்டது. இப்படி வந்தால் சோதனை தோற்றது என்று பிள்ளைகள் நினைத்து எண்ணை மாற்றி எழுதுகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வந்ததை எழுதி, ஏன் குறைந்தது என்று நான்கு வரி எழுதுங்கள்: தீ ஆடியது, குவளையின் அடியில் கரி படிந்தது, எரிதல் முழுமையாகவில்லை, குவளையும் சூடு குடித்தது, விளக்கை வெகு கீழே வைத்துவிட்டேன். காற்றுத் தடுப்பு வைப்பதும், கம்பி வலையை எடுத்துவிட்டுக் குவளையைத் தீக்கு நேர் மேலே வைப்பதும் இதற்காகத்தான்.

நடுநிலையாக்கலில் ஒரு பொறி

அமிலமும் காரமும் சேரும் கணக்கில் பிள்ளைகள் விழும் குழி ஒன்று உண்டு. லிட்டருக்கு 1.0 மோல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லி, அதே செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லி, கலந்தால் ஏறத்தாழ 6.8 டிகிரி ஏறும். இப்போது இரண்டையும் 100, 100 என்று எடுத்தால் எவ்வளவு ஏறும்? வகுப்பில் கேட்டால் "இரண்டு மடங்கு" என்று கோரஸாக வரும். அதே 6.8 தான். வெப்பம் இரண்டு மடங்கு வந்தது உண்மை, ஆனால் அதைப் பகிர்ந்துகொள்ளும் தண்ணீரும் இரண்டு மடங்கு. இரண்டு வீட்டுக் கறிக்கு இரண்டு வீட்டு உப்பு, ருசி மாறாது. அளவை விட்டுவிட்டுச் செறிவை இரட்டிப்பாக்கினால்தான் ஏற்றமும் இரட்டிக்கும்.

இன்னொன்று. வலிமையான அமிலம் எதுவானாலும், வலிமையான காரம் எதுவானாலும், ஒரு மோல் தண்ணீர் உண்டாகும்போது ஏறத்தாழ 57 கிலோஜூல்தான் வரும், ஏனென்றால் உள்ளே நடப்பது ஒரே வேலை: ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து தண்ணீராவது. சோடியமும் குளோரைடும் வெறுமனே வேடிக்கை பார்க்கின்றன. கணக்கு உண்டான தண்ணீரின் மோலுக்குத்தான், அமிலத்தின் மோலுக்கு இல்லை, கந்தக அமிலம் வரும்போது இதை மறந்தால் விடை இரட்டிப்பாகிவிடும். வினிகரில் இருக்கும் எத்தனோயிக் அமிலத்தை எடுத்தால் 55 போலக் குறையும், அது வலிமை குறைந்த அமிலம், அதன் மூலக்கூறுகள் முழுதாகப் பிரிந்திருக்காது, பிரிப்பதற்குக் கொஞ்சம் வெப்பம் செலவாகிவிடுகிறது.

சூடு எங்கே ஒளிந்திருந்தது

பாட்டியின் சட்டிக்கு இப்போது போகலாம். தண்ணீரும் சூடாக இல்லை, சுண்ணாம்பும் சூடாக இல்லை, சேர்ந்ததும் கொதிக்கிறது. வெப்பம் இல்லாத இடத்திலிருந்து வரவில்லை, வேறு உருவத்தில் உள்ளே இருந்தது.

இங்கே ஒரு தவறான பேச்சைக் களைந்துவிட வேண்டும். "பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளியே வரும்" என்று பலர் சொல்கிறார்கள், வெடிகுண்டு உடைவதுபோல ஒரு படம் மனத்தில் இருப்பதால் அது நம்பும்படியாகவும் இருக்கிறது. உண்மை அதற்கு நேர் எதிர். குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மையைப் பிடுங்கிப் பாருங்கள், பிடுங்க உங்கள் கை பலம் செலவழிகிறது. அதையே கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டால் டக்கென்று தானாக ஒட்டும், அந்தச் சத்தம்தான் வெளியே வந்த ஆற்றல். அணுக்களும் அப்படியே. பிரிக்கச் செலவு, சேர வரவு. எப்போதும். ஒரு வினையில் பழைய பிணைப்புகளைப் பிரிக்கும் செலவும் புதுப் பிணைப்புகள் சேரும் வரவும் இரண்டும் உண்டு, வரவு கூடினால் மிச்சம் வெப்பமாக வெளியே வரும், செலவு கூடினால் சுற்றியிருப்பவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும்.

எண்ணில் பார்த்தால் தெளிவாகும். ஒரு மோல் ஹைட்ரஜனைப் பிரிக்க 436 கிலோஜூல், ஒரு மோல் குளோரினைப் பிரிக்க 242, மொத்தச் செலவு 678. சேர்ந்து உண்டாவது இரண்டு மோல் ஹைட்ரஜன் குளோரைடு, ஒவ்வொன்றிலும் 431, மொத்த வரவு 862. வித்தியாசம் 184, வெளியே வந்தது, ஆகவே மைனஸ் 184 கிலோஜூல்.

ஆற்றல் மட்டப் படம் வரைவதும் இதே கணக்குதான். செங்குத்துக் கோட்டில் ஆற்றல் என்று எழுதுங்கள், வெப்பநிலை என்று எழுதினால் படம் முழுவதும் பொருளிழந்துவிடும். வெப்ப உமிழ்வினையில் வினைபடுபொருள் மேலே, விளைபொருள் கீழே, நடுவில் ஓர் அம்பு மேலிருந்து கீழே, அம்பின் பக்கத்தில் எண், குறி, அலகு மூன்றும். வெப்பக் கொள்வினையில் அப்படியே தலைகீழ். அம்பின் முனை எந்தப் பக்கம் என்பதற்காக மட்டும் மதிப்பெண் இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனம் ஆறவில்லை.

அப்புறம், வரவு கூடுதல் என்றால் ஏன் தானாகவே நடப்பதில்லை என்று கேட்கலாம். பூசை அலமாரியில் சூடம் ஆண்டுக்கணக்கில் காற்றோடு காற்றாகவே இருக்கிறது, கரைந்து சிறுத்துப்போகுமே தவிரப் பற்றிக்கொள்வதில்லை. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் தேங்காய் மேல் வைத்து ஒரு தீக்குச்சி காட்டினால்தான் எரிகிறது. முதல் பிணைப்புகளைப் பிரிக்க ஒரு முன்பணம் வேண்டும், தீக்குச்சி கொடுப்பது அது. ஒரு தடவை தொடங்கிவிட்டால் வரும் வெப்பத்திலிருந்தே அடுத்ததற்கான முன்பணம் கிடைத்துவிடும். கிளர்வு ஆற்றல் என்று அதற்குப் பெயர். சுண்ணாம்புக்கும் தண்ணீருக்கும் அந்த முன்பணம் மிகக் குறைவு, அறைச் சூடே போதும்.

அடுப்படியில் ஒரு நிமிடம்

எந்த எரிபொருள் ஒரு கிராமுக்கு எவ்வளவு தரும் என்பதும் இதே பாடத்தில் வரும், அதை எரிபொருள் மதிப்பு என்போம். கரி 33 கிலோஜூல் போல, எத்தனால் 30, நம் கேஸ் தோங்கில் இருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும் 50. எத்தனால் ஏன் குறைவு? அதற்குள் ஏற்கெனவே ஓர் ஆக்ஸிஜன் இருக்கிறது, பாதி எரிந்த பொருள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 2000 × 4.2 × 72, ஏறத்தாழ 605 கிலோஜூல் வேண்டும், 12 கிராம் கேஸ் போதும் என்று கணக்கு சொல்லும். உண்மையில் அதைப்போல இரண்டு மடங்கு செலவாகும், பாத்திரத்தைச் சுற்றி மேலே போகும் சூட்டில்தானே சமையல்காரருக்கு வியர்க்கிறது. மூடி போட்டுக் கொதிக்க வையுங்கள்.

சுண்ணாம்பின் முழுச் சுற்று

இது எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் என்று பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஹெஸ் விதி என்று வரும். ஜெனீவாவில் பிறந்து ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேலை செய்த ஹெஸ் 1840-ல் சொன்னது: எந்த வழியாகப் போனாலும் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் ஒன்றே என்றால் மொத்த வெப்ப மாற்றமும் ஒன்றே. சூத்திரமாகப் படித்தால் மறந்துவிடும், பாட்டியின் கிளிஞ்சலை வைத்துப் படித்தால் மறக்காது.

கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சூளையில் சுடும்போது கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போய் சுட்ட சுண்ணாம்பு ஆகிறது, ஒரு மோலுக்கு 178 கிலோஜூல் சூளைக்காரர் கொடுக்க வேண்டியிருக்கிறது. பிளஸ் 178. அந்தச் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் 65 கிலோஜூல் திரும்பி வருகிறது, மைனஸ் 65. சட்டியில் கொதித்தது அதுதான்: ஒரு மோல் என்பது 56 கிராம், ஆகவே 100 கிராமில் ஏறத்தாழ 116 கிலோஜூல், 300 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைக்க அது தாராளம். யாரோ எங்கோ விறகு எரித்துக் கொடுத்த சூட்டில் ஒரு பங்குதான், மாதங்கள் கழித்து, ஜெலுத்தோங் பின்கட்டில் ஆவியாக எழுந்தது. நீங்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம், கண்ணில் தெறித்தால் பார்வை போகும் அளவுக்குப் புண்ணாக்கும். பாட்டி விரட்டியது சரிதான்.

178 கொடுத்து 65 வந்தது, மீதி 113 எங்கே? ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளுக்குப் போய்ப் பாருங்கள், அந்தச் சுவர்களுக்குப் பூசியது நீற்றிய சுண்ணாம்புச் சாந்து. அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை மெதுவாக எடுத்துக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிறது, தண்ணீரை விடுகிறது, கிளிஞ்சல் திரும்பக் கிளிஞ்சலாகவே இறுகுகிறது. அப்போது வருவது 113. அவ்வளவும் வெளியே வந்தும் கைக்குத் தெரியாது, ஆண்டுக்கணக்கில் சொட்டுச் சொட்டாக வருகிறது.

ஒரு தாளில் இந்த மூன்றையும் முக்கோணமாக வரையுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் அம்பும் எண்ணும் குறியும் போடுங்கள். சுற்றி வந்து கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஓர் அம்பில் வினையின் பக்கம் நிற்காமல் தண்ணீரின் பக்கம் நின்று குறி போட்டிருக்கிறீர்கள், அந்த அம்பை மட்டும் தேடுங்கள்.